இருபத்துநான்கில் இருபத்தேழு

புதுப்பட்டினத்து ஷாஜாதிக்குச் சிறு வயதிலிருந்தே கணக்கென்றால் ஒரு பித்து. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் மீன் ஆய்ந்து துண்டு போடும்போதுகூட, இந்தத் துண்டு முழு மீனில் எத்தனையில் ஒன்று என்று மனம் தானாகக் கேட்டுக்கொள்ளும்.

1954இல் அவள் புருஷன் கியாசுதீன் விஷக் காய்ச்சலில் இறந்துபோனான். சம்பாதித்து அவன் வாங்கியிருந்தது ஒரு தென்னந்தோப்பு; இருநூற்றுப் பதினாறு மரம். உரியவர்கள் ஐந்து பேர். மனைவி ஷாஜாதிக்கு எட்டில் ஒன்று, இரண்டு பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, கியாசுதீனைப் பெற்ற தாய்க்கு ஆறில் ஒன்று, தகப்பனுக்கு ஆறில் ஒன்று. இது மார்க்கம் விதித்த பங்கு.

கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கும் இத்தா காலம் அது. கூடத்தில் தோப்பைப் பற்றிப் பேச்சு நடந்தது. திரைக்கு இந்தப் பக்கம் ஷாஜாதி. கியாசுதீனின் பெரியப்பா மகன் ஷஃபியுல்லா, அவள் மாமனார் ஜெயினுலாபுதீனிடம் பேசுவது கேட்டது.

“பொண்ணுங்களுக்கு நூத்தி நாப்பத்திநாலு மரம். உங்களுக்கு முப்பத்தாறு, சாச்சிக்கு முப்பத்தாறு. அத்தோட தோப்பு தீந்துபோச்சி சாச்சா. ஷாஜாதிக்கு இருபத்தேழு மரம் எங்கேர்ந்து குடுப்பீங்க? அது வுட்டுக் குடுத்துட்டா கணக்கு நேராய்டும்.”



ஷாஜாதிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ ஆச்சரியம்தான். அடுப்பங்கரையில் கரித்துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறில் ஒன்றும் ஆறில் ஒன்றும் கீழெண் ஒன்றாக இருப்பதால் சுலபமாகச் சேர்ந்தன. ஆறில் இரண்டு, அதாவது மூன்றில் ஒன்று. அதோடு மூன்றில் இரண்டைக் கூட்டினால் முழுத் தோப்பும் போய்விட்டது. ஷஃபியுல்லா சொன்னது மெய்தான். அப்புறம் எட்டில் ஒன்றை எங்கே வைப்பது?

எட்டு, மூன்று, ஆறு எல்லாவற்றுக்கும் பொதுவாக இருபத்துநான்கைப் பிடித்தாள். அவளுக்கு மூன்று, பெண்களுக்குப் பதினாறு, மாமிக்கு நான்கு, மாமாவுக்கு நான்கு. கூட்டினால் இருபத்தேழு. இருபத்துநான்கில் இருபத்தேழு! அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதே விடை. இம்முறை தன் பங்கிலிருந்து தொடங்கிக் கூட்டிப் பார்த்தாள். இப்போது மாமனாரின் பங்கு இடித்தது.

அன்று சாப்பாடு வைக்கும்போது சொன்னாள். “மாமா, ஷஃபியுல்லா மச்சான் என்னியக் கடைசியா கூட்டினாரு, அதான் எனுக்கு இல்லாம போச்சி. என்னிய முதல்ல வெச்சி, உங்களக் கடைசியா கூட்டினா உங்களுக்கு ஒம்போது மரம்தான் மிஞ்சுது. இது பெரியவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? யாரையாச்சும் கேக்கலாமே.”

மகன் போன பிறகு ஜெயினுலாபுதீன் முதன்முறையாகச் சிரித்தார்.

இத்தா முடிந்ததும் மாமனாரும் மருமகளும் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனார்கள். அங்கே மார்க்கச் சட்டம் கற்ற ஓர் ஆலிம் தம் வீட்டில் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

“கூட்டல் சரிதாம்மா. ரொம்ப காலத்துக்கு முன்னாடியே வந்த கேள்வி இது. அவ்ல்னு சொல்வாங்க. மூணு, பதினாறு, நாலுன்னு மேல இருக்கிற எண்ணத் தொடாதீங்க. தோப்ப இருபத்துநாலா பிரிக்காம இருபத்தேழா பிரிங்க. எல்லாருக்கும் அவங்கவங்க அளவுக்குக் கொறையும். ஒருத்தரும் வெளிய நிக்க வேணாம்.”

ஒரு பங்குக்கு எட்டு மரம். ஷாஜாதிக்கு இருபத்துநான்கு. எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது. எவ்வளவு போயிற்று என்று அங்கேயே கழித்துப் பார்த்தாள்: எழுபத்திரண்டில் ஒன்று. மூன்றே மரம்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவள் முகத்தைப் பார்த்து மாமனார் கேட்டார். “இன்னாம்மா, மனசு ஒப்பலியா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. கூட்டினா முழுசுக்கு மேல போவுது சரி. கொறஞ்சா? ஒரே பொண்ணும் தாயும் மட்டும் இருந்தா, பொண்ணுக்குப் பாதியும் தாய்க்கு ஆறுல ஒண்ணும் சேந்து மூணுல ரெண்டுதான் ஆவுது. வேற யாருமே இல்லன்னா மிச்சம் யாருக்கு?”

“நம்ம வூட்ல அப்பிடி இல்லியே.”

“இல்லதான். சும்மா தெரிஞ்சிக்கலாம்னு.”

பஸ் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜெயினுலாபுதீன் அதைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிறகு குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆலிம் வீட்டுப் பக்கமாகத் திரும்பி நடந்தார்.