கடல்மல்லையில் மூன்று நாள், கப்பலில் பாதிக் குடும்பம்

குடும்பத்தோடு அந்தமானுக்குக் கப்பலில் போகத் திட்டமிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கப்பலுக்குள் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஏறுவதற்கு முன்னால் எங்கே தங்குவது, ஏன் தங்குவது என்று கேளுங்கள். அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

2008 தை மாதம். சென்னைத் துறைமுகத்திலிருந்து புதன்கிழமை மாலை கப்பல். நான், என் மனைவி ருக்மணி, மகன் செந்தில், மருமகள் கவிதா, மகள் வசந்தா, மாப்பிள்ளை என்று ஆறு பேருக்கும் செந்தில்தான் டிக்கெட் எடுத்தான். எடுக்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புதன்கிழமை வடக்கே சூலம். எங்கள் அச்சரப்பாக்கத்துக்குச் சென்னை வடக்கு. முதல்முறையாகக் கடல் தாண்டுகிற குடும்பம் சூலத்துக்கு எதிரே வாசலைத் தாண்டுமா?

“பால் குடிச்சிட்டுக் கிளம்பலாமே நைனா, அதான் பரிகாரம்” என்றான் செந்தில்.

பரிகாரம் வேறு வழியில்லாதவனுக்கு. எனக்கு வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிழக்கே போகத் தடையில்லை. அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போய்த் தங்குவது, புதன்கிழமை அங்கிருந்து துறைமுகம் போவது என்று முடிவு செய்தேன். இதைப் பரஸ்தானம் என்பார்கள். நல்ல நாளில் வீட்டைவிட்டுக் கிளம்பி வேறிடத்தில் இருந்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு.

“மகாபலிபுரத்துலருந்து மெட்ராஸ் இன்னா தெக்காலயா கீது?” என்று மடக்கினான் செந்தில்.

“கிளம்பிட்டவனுக்கு நடுவழியில ஏதுடா சூலம்?”

செந்திலும் கவிதாவும் திருப்போரூரில் குடியிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள். இரண்டு நாள் அதிகமாக லீவு எடுக்கவேண்டியிருந்தது என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

சனிக்கிழமை இரவே அவர்கள் அச்சரப்பாக்கம் வந்துவிட, ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நாலு பேரும் பஸ் ஏறினோம். செங்கல்பட்டு சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பஸ் நிலையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடியுங்கள். முப்பது கிலோமீட்டர்தான். பன்னிரண்டு ரூபாய் டிக்கெட். எங்கள் மூட்டைகளைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர், “இன்னா பெரியவரே, வூட்டையே பேத்துகினு வந்துட்டியா? ஒரு லக்கேஜ் போடு” என்றார்.

“அந்தமான் போறோம்பா, கப்பல்ல” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

“அப்ப ரெண்டு லக்கேஜா போடு.”

பஸ் முழுக்கச் சிரித்தது. இரண்டும் போட்டேன்.

வசந்தாவும் மாப்பிள்ளையும் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். மாமல்லபுரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அங்கேயே தங்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மகள் வீட்டில் நான் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மேல் சாப்பிடுவதில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் இரண்டு அறை எடுத்தோம். அறைக்கு முந்நூற்று ஐம்பது ரூபாய். கடல் தெரியும் அறையெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு விலை வைத்தவை.

சென்ற பதிவில் மாமல்லபுரத்தைத் துறைமுக நகரம் என்று எழுதியதற்கு, “அங்கே எங்கே சார் துறைமுகம்?” என்று ஒருவர் நக்கலாகப் பின்னூட்டம் போட்டிருந்தார். அவர் குன்றின்மேல் ஏறிப் பார்க்கட்டும். இன்றைய கலங்கரை விளக்கம் வருவதற்கு முன்னால், பக்கத்திலிருக்கும் பழைய கோயிலின் உச்சியில்தான் கப்பல்களுக்கு விளக்கு ஏற்றினார்கள். சென்னை வெறும் மணலாகக் கிடந்த காலத்தில் இங்கிருந்து கப்பல் போயிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போனது ஆறாம் வகுப்புவரைதான். மற்றதெல்லாம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நானே உட்கார்ந்து படித்தது. கப்பல் ஏறப்போகிறவன் முதலில் வந்து நிற்கவேண்டிய ஊர் இது. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட், பத்து ரூபாய். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்.

திங்கள் காலை கடற்கரையில் கருவாடு காயப்போட்டிருந்த பக்கமாக நடந்தோம். கவிதா திடீரென்று மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். செந்தில் ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவைத் திட்டினான். ருக்மணி மட்டும் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

இரண்டு மாதம். கல்யாணமாகி நான்காம் வருடம். எங்கள் சந்தோஷத்தை நான் எழுதிக் காட்டவேண்டியதில்லை.

ஆனால் சாயங்காலமே பிரச்சினை வந்துவிட்டது. வசந்தாவும் மாப்பிள்ளையும் சர்க்கரைப் பொங்கலோடு வந்திருந்தார்கள். “இந்த வாந்தியோட என்னால முடியாது அத்த. அவரு போயிட்டு வரட்டும், ஒரு வருசமா இதே பேச்சாத்தான் இருந்தாரு” என்றாள் கவிதா.

மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் கடல் தாண்டக்கூடாது. இது எங்கள் வழக்கம். சூலத்துக்காகக் குடும்பத்தை மூன்று நாள் முன்னாலேயே கிளப்பியவன், இதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? செந்தில் போகக்கூடாது என்றேன்.

“இன்னா நைனா பேஜாரு பண்ற? உன் சூலத்துக்குன்னு இங்க வந்து குந்திகினு கீறேன். இப்ப கப்பலே கெடையாதுன்ற. நீ மட்டும் ஜாலியா போயிட்டு வா!”

அது என்னைத் தைத்துவிட்டது. “நீ ஏறலன்னா நானும் ஏறல” என்றேன்.

“மாமா, டிக்கெட்டு…” என்று மாப்பிள்ளை இழுத்தார். வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வருடம் பேசிப் பேசி வளர்த்த பயணம் அந்த லாட்ஜ் அறையில் செத்துக்கொண்டிருந்தது.

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த ருக்மணி தலையைத் தூக்கினாள். “ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா? நான் ஏறுவேன்.”

“நீயா?”

“எனக்கு வயித்துல புள்ள இல்ல. மாமியார்க்காரி கடல் தாண்டக்கூடாதுன்னு எந்த வழக்கத்துல கீது? சொல்லுங்க.”

யோசித்துப் பார்த்தேன். எதிலும் இல்லை. திருப்பதிக்கு அப்பால் போகாதவள். என்னை விட்டுத் தனியாக எங்கும் போகாதவள்.

“மருமவள யாரு பாத்துக்கறது?” என்று கடைசி அஸ்திரத்தை விட்டேன்.

“அப்பனும் புள்ளையும் எதுக்குக் கீறீங்க? ஒரு ரசம் வெக்க ரெண்டு ஆம்பள போதாதா?”

வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்த கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை, மனம் மாறும் என்று ருக்மணியைக் கடலைக் காட்டக் கூட்டிப்போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம், “கப்பல் ரொம்ப ஆடுமா தம்பி?” என்று கேட்டாள்.

“எங்க போட்டுதான்க்கா ஆடும். கப்பலு வூடு மாரி. உள்ள போய்த் தூங்குக்கா.”

அவ்வளவுதான், அவள் பயம் போயிற்று. செந்தில் இந்தப் பயணத்துக்கென்று வாங்கிய கேமராவை அவள் கையில் கொடுத்து, எதை அழுத்துவது என்று கற்றுக்கொடுத்தான். முதல் படம் என்னைத்தான் எடுத்தாள். தலை வரவில்லை.

புதன் காலை வாடகை வேன் பிடித்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் துறைமுகம் அறுபது கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் என்பார்கள். நம்பாதீர்கள், துறைமுகத்தை நெருங்கினால் கன்டெய்னர் லாரிகள் வழி விடாது. மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பயணிகளை மட்டுமே வாயிலுக்குள் விடுவார்கள். வழியனுப்ப வந்தவர்கள் ரோட்டோடு நிற்கவேண்டியதுதான்.

காவலர் ருக்மணியைப் பார்த்து, “யார் கூட வந்திருக்கீங்கம்மா?” என்று கேட்டார்.

அவள் மகளையும் மாப்பிள்ளையையும் காட்டி, “இவங்க என்கூட வந்திருக்காங்க” என்றாள்.

பையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதல் கடல் தாண்டியது என் மனைவி. இதை எழுதும்போதும் எனக்கு மார்பு நிமிர்கிறது.

போக நினைப்பவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மாமல்லபுரத்தில் இரண்டு நாளாவது இருங்கள். அடையாள அட்டையை மூட்டைக்குள் போடாமல் கையிலேயே வையுங்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுப் பணம் வராது. எங்களுக்கு வரவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

சனிக்கிழமை போர்ட் பிளேரில் ஒரு பூத்திலிருந்து ருக்மணி போன் செய்தாள். தலை சுற்றவில்லையாம், இரண்டு வேளையும் மேல்தளத்தில் நின்றாளாம், கவிதா சாப்பிட்டாளா என்று கேட்டாள். சாப்பிட்டாள், நான் வைத்த ரசம் என்றேன். அடுத்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போவாயா என்று கேட்டேன்.

“மொதல்ல கொழந்தை பொறக்கட்டும். அப்பால பாக்கலாம்” என்று வைத்துவிட்டாள்.