பெட்டிக்குள் இருந்தவள்

மருந்து கொடுக்கும் மெஷின்களை லீசிங்குக்கு விடுவது என் வேலை. கம்பெனி கொழும்பில், மலை முழுக்க நான். ஹட்டனில் வேன் ஏறினால் எனக்குக் கால் தரையில் நிற்காது. பனியே, ஒதுங்கு, இந்த வயதிலும் அவசரம் எனக்கு.

ஆஸ்பத்திரிகளுக்குப் பிறகு, வழக்கு முடியாதவர்களை அடைத்து வைக்கும் ஒரு விளக்கமறியல் சிறையும் மெஷினை ஒரு மாதத்துக்குப் பரீட்சித்துப் பார்க்க எடுத்தது. இரும்பு அலமாரிதான். கைதி விரல் வைத்தால் அவருக்குரிய மாத்திரை கோப்பையில் விழும். அவர் மொழியில் ஒரு பெண் குரல் பேசும்.

மாதம் முடியுமுன்பே ஜெயிலர் கூப்பிட்டார். "மிஸ், இத லொரியில ஏத்துங்க" என்றார், சிங்களத்தில். வலிப்புக்காரர் ஒருவர் மட்டும் கோப்பையைத் தொடுவதில்லை. எடுத்துக் கையில் கொடுத்தாலும், பெட்டியில் வந்ததென்று துப்பிவிடுகிறார். முந்தின நாள் வலிப்பில் விழுந்து மண்டை உடைந்திருக்கிறது. "இன்னொருக்கா விழுந்தா ஆள் தப்பமாட்டார்."

"மெஷின் எங்கயும் போகாது சேர். ஆளக் காட்டுங்க."

தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடித்தவர்.

"என்னண்ணே, மாத்திரை மேல கோவமா?"

"மாத்திரை என்னம்மா செஞ்சிச்சு? அந்தப் பொட்டிக்குள்ள இருக்காளே, அவ மேலதான். விடிஞ்சா மருந்து குடி, பொழுது சாஞ்சா மருந்து குடி. உள்ள கெடக்குற மனுசனப் பாத்து சொல்ற பேச்சா அது? என் தம்பி மருந்து குடிச்சுத்தாம்மா போனான்."

எனக்குச் சுரீரென்றது. சிங்களத்தில் மருந்தைக் 'குடிக்கச்' சொல்வது சாதாரணப் பேச்சு. கம்பெனியில் யாரோ அதை அப்படியே தமிழாக்கி, 'மருந்து குடியுங்கள்' என்று பதிந்துவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவளுக்கு அகராதி வேண்டாம். எங்கள் மலையில் மருந்து என்றால் புல்லுக்கு அடிக்கும் விஷம். ஒருவன் மருந்து குடித்தான் என்றால் ஊரே ஓடும், பாடைக்கு மூங்கில் வெட்டும். மற்றக் கைதிகள் சிரித்துக்கொண்டே விழுங்கியிருக்கிறார்கள். இவருக்கு அது தம்பியின் சாவு.

கொழும்புக்குப் போன் அடித்தேன். குரலை அடுத்த வருஷம் மாற்றலாம் என்றான் எஞ்சினியர். "இன்னைக்கு மாத்துற வழியச் சொல்லுங்க, இல்லன்னா மெஷின் இன்னைக்கே உங்க வாசல்ல நிக்கும்" என்றேன். சொன்னான். ஜெயிலரின் அறையில், தகரத்தில் மழை ஓயும்வரை பொறுத்து, போனில் என் குரலையே பதிந்து மெஷினில் ஏற்றினேன்.

சாயங்காலம் வரிசை நின்றது. முதல் ஆள் விரல் வைத்ததும் என் குரல் கேட்டது: "அண்ணே, மாத்திரையப் போட்டுக்கிட்டுத் தண்ணி குடிங்க."

"டேய், பழையவ கல்யாணம் முடிச்சுப் போயிட்டாடா, புது ஆளு வந்திருக்கு!" என்று பின்னாலிருந்து ஒருவன். வரிசையே குலுங்கியது. ஜெயிலர் புரியாமலே சிரித்தார்.

கட்டுப் போட்டவர் சிரிக்கவில்லை. விரலை வைத்தார். கேட்டார். கோப்பையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது நீங்களாம்மா?"

"நாந்தாண்ணே."

"அப்ப நேர்ல சொல்லுங்களேன். பொட்டி என்னத்துக்கு நடுவுல?"

சொன்னேன். வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார், விழுங்கியாயிற்று என்று ஜெயிலருக்கு நாக்கை நீட்டிக் காட்டினார்.

"தண்ணி பல்லக் கடிக்குதும்மா, இந்தக் குளிருக்கு. சுடுதண்ணின்னு சேத்துச் சொல்லச் சொல்லுங்க அவள."