பூட்ஸ் போட்டு எடுத்த அளவு

தவசிமுத்து அண்ணாச்சி உட்கார்ந்தால் ஆறடி ஆள் மாதிரி இருப்பார், எழுந்தால் ஐந்தடி சொச்சம். ராணுவத்தில் இவரை எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அளக்கிற நேரத்தில் உட்கார்ந்திருந்தாரோ என்னவோ. பதினாறு வருஷம் ராணுவ பேண்டில் கிளாரினெட் ஊதிவிட்டு, ஒரு முதுகுவலியையும் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸையும் எடுத்துக்கொண்டு ராஜபாளையம் திரும்பினார். வந்து தானாகவே ஆர்கன் வாசிக்கப் படித்து, சௌந்தரபாண்டியனின் மெல்லிசைக் குழுவில் சேர்ந்தார்.

அந்தக் குழுவுக்கு அறிவிப்பாளன் நான், பால்ச்சாமி. பகலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. அங்கே என்னை யாரும் வாயைத் திறக்க விடுவதில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் சாயங்காலம் மைக்கில் தீர்த்துக்கொள்வேன்.

எண்பத்தேழாம் வருஷம் எங்கள் குழுவுக்குச் சனியன் பிடித்தது. புல்லாங்குழல்காரர் துபாய்க்குப் போனார். வயலின்காரர் மாமனார் சொல்லைக் கேட்டு அரிசிக் கடை வைத்தார். அந்தச் சமயம் பார்த்து சௌந்தரபாண்டியன் மதுரைக்குப் போய் ஒரு பெரிய கச்சேரியைப் பார்த்துத் தொலைத்தான். அங்கே ஒருத்தன் இரண்டு கீபோர்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, குழலும் வயலினும் எல்லாம் அதிலேயே வரவழைத்து, இடுப்பை ஆட்டி ஆட்டி வாசித்தானாம். ஊருக்கு வந்ததில் இருந்து இவனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"அண்ணே, விருதுநகர்ல ஒரு ஆளு இருக்கான். நின்னுக்கிட்டே அம்புட்டு வாத்தியத்தையும் ஒத்தையா வாசிக்கான். நீங்க நிப்பீங்களா?" என்று தவசிமுத்து அண்ணாச்சியைக் கேட்டான்.

பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நின்றால் அண்ணாச்சிக்கு முதுகில் கடப்பாரையை இறக்கிய மாதிரி இருக்கும். நாற்காலியில் முதுகைச் சாய்த்துத்தான் உட்கார வேண்டும் என்று மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்குச் சௌந்தரபாண்டியனை அறையவேண்டும் போலிருந்தது. அந்த ஆர்கன் சீட்டை விட்டால் அண்ணாச்சிக்கு வேறு ஒன்றுமே கிடையாது. பென்ஷன் சோறு போடும், சரி. சாயங்காலம் ஆனால் மனுஷன் என்ன செய்வார்?

"நிக்க மாட்டேன். உக்காந்த இடத்துல இருந்தே அம்புட்டையும் ஒத்தையா வாசிச்சுக் காட்டுதேன்" என்றார் அண்ணாச்சி.

"செட்டியார்பட்டி அம்மன் கோவில் பொங்கலுக்கு மூணு மாசம் இருக்கு. அங்க காட்டுங்க. முடியலேன்னா விருதுநகர் ஆளுதான். பொறவு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது" என்றான் அவன்.

மறுநாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி முத்தாத்தாள் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். அந்த மதினியின் இஞ்சு டேப்பை என் கையில் கொடுத்து, தன்னை அளக்கச் சொன்னார் அண்ணாச்சி. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, தோளிலிருந்து மணிக்கட்டுவரை, முழங்காலிலிருந்து பாதம்வரை. மனுஷன் தனக்குச் சவப்பெட்டி செய்யக் கொடுக்கிறாரோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஆளுக்குத் தக்கன மேசை இருக்கணும் வே. மேசைக்குத் தக்கன ஆளு வளையக் கூடாது. என் முதுகு போனதே அப்படி வளைஞ்சுதான்" என்றார்.

நியாயமான பேச்சு. என் அலுவலக மேசை என் நெஞ்சு உயரம். பதினோரு வருஷமாக அதில் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டே எழுதி, வீதியில் போகும்போதும் கோணலாகவே போகிறேன். அதனால் சிரத்தையாக அளந்தேன். அவர் ராணுவத்து வழக்கப்படி விறைப்பாக, முழு உடுப்பில், பூட்ஸ் போட்டு உட்கார்ந்திருந்தார். அழகாகத்தான் இருந்தது.

தச்சாசாரி வேப்பமரத்தில் அறுத்துச் செய்து கொடுத்தார். அரைவட்டமாக ஒரு கூடு. எதிரே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கீபோர்டு, இடது பக்கம் ஆர்மோனியம், வலது பக்கம் ரிதம் பெட்டி. எதைத் தொடவும் முதுகை நாற்காலியை விட்டு எடுக்க வேண்டாம். பாட்டு நோட்டுக்கு ஒரு சாய்பலகை, பால் டம்ளருக்கு ஒரு குழி. பின்னால் நிற்கும் பாடகரைப் பார்க்க மோட்டார்சைக்கிள் கண்ணாடி ஒன்று. ஆனால் அதில் எப்போதும் என் தொப்பைதான் தெரிந்தது. காலடியில் மூன்று பெடல். ஒன்றை மிதித்தால் குழல், ஒன்றை மிதித்தால் வயலின், மூன்றாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. பெடல்களிலிருந்து சைக்கிள் பிரேக் ஒயரை இழுத்து, கீபோர்டின் விசைகளோடு ஆசாரி பூட்டியிருந்தார். மேடைப் பலகை ஆடினாலும் எதுவும் ஆடக்கூடாது என்று நாற்காலி, பெடல் எல்லாவற்றையும் போல்ட் போட்டு முறுக்கிவிட்டார். அண்ணாச்சி உள்ளே போய் உட்கார்ந்ததும் பின்னால் ஒரு பலகையைச் சாத்திக் கொண்டி போடவேண்டும். எங்கள் குழுவில் அதற்குக் கோட்டை என்று பெயர். தூக்க ஆறு பேர் வேண்டும்.

மூன்று மாதம் கோட்டை மதினியின் தையல் அறையில் கிடந்தது. தினமும் பூட்ஸ் போட்டு உட்கார்ந்து சாதகம். ஜாக்கெட் கேட்டு வந்த பெண்கள் மதினியிடம் சண்டை பிடித்துவிட்டுப் போனார்கள். மதினி பாட்டுக்கு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி தயாராகிவிட்டார். கேட்ட எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

பொங்கலன்று சாயங்காலம் ஐந்தரைக்குக் கோட்டையைச் செட்டியார்பட்டி மேடையில் ஏற்றினோம். மேடைக்கு நேர் எதிரே அம்மன் சன்னதி. முன் பக்கம் சிவப்பு வெல்வெட் துணி கட்டினோம். அண்ணாச்சி உள்ளே போனார், கொண்டி போட்டாயிற்று. சௌந்தரபாண்டியன் மைக் செட்டுக்காரரோடு சண்டை போடப் போயிருந்தான். அப்போது ஊர்த் தலைவர் ஆண்டிச்சாமி மேடை ஓரம் வந்து, மிகப் பணிவாகச் சொன்னார்.

"ஐயா தப்பா எடுத்துக்கிடக் கூடாது. ஆத்தா நேரா பார்த்துக்கிட்டு இருக்கா. காலணியைக் கழத்திருங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கோவில் மேடையில் செருப்புக் காலோடு யாரும் ஏறமாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். நானே என் செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறியிருந்தேன். இதற்கு முன்பு அவரும் எத்தனையோ கோவிலில் வெறுங்காலோடு வாசித்தவர்தான். அப்போது பெடல் கிடையாது. மூன்று மாதம் இரண்டு பேரும் அளந்து அளந்து பார்த்தோம். ஒருத்தன் மண்டையிலும் இது ஏறவில்லை.

கோட்டைக்குள் அவரால் குனிய முடியாது. நான்தான் வெல்வெட்டைத் தூக்கித் தவழ்ந்து போய் பூட்ஸைக் கழற்றினேன். பெரிய மனுஷனின் பாதங்கள் பெடலுக்கு மேலே இரண்டங்குலம் அந்தரத்தில் தொங்கின. நுனிவிரலை நீட்டினார். எட்டவில்லை. முன்னால் சரிந்தால் முதுகு பிடித்தது. "அம்மா" என்று முனகிவிட்டார்.

பாதத்தில் துண்டைச் சுற்றினேன். வழுக்கியது. பெடலுக்கு அடியில் செங்கல் வைக்கலாம் என்றால் போல்ட் அசையவில்லை. நாற்காலியை இறக்கலாம் என்றால் அதுவும் போல்ட். ஆசாரியை மனதாரத் திட்டினேன். பாவம், அவர் சொன்னதைத்தான் செய்தார்.

"விட்டுரும் பால்ச்சாமி. விருதுநகர் ஆளுக்குக் கொடுத்து வச்சிருக்கு" என்றார் அண்ணாச்சி. குரல் உடைந்திருந்தது.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து, மேடையின் பின்பக்கமாக முத்தாத்தாள் மதினி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, அண்ணாச்சியையும் திட்டவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தள்ளுங்க தம்பி. எந்தப் பாட்டுல இவிய எப்ப எதை மிதிக்காவன்னு எனக்குத் தெரியும். கையால அமுக்குதேன்."

"ஏட்டி, நீ எப்படி..." என்று அண்ணாச்சி ஆரம்பிப்பதற்குள் மதினி வெல்வெட்டுக்குள் போய்விட்டார். நான் துணியை இழுத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

ஆறரைக்கு முதல் பாட்டு. குழல் வரவேண்டிய இடத்தில் குழல் வந்தது, வயலின் வரவேண்டிய இடத்தில் வயலின். எனக்கு உயிரே இல்லை. அறிவிப்பில் பாடகர் பெயரையே மாற்றிச் சொல்லிவிட்டேன். ஒருமுறை கீழே மதினி தும்மினார். அதை நான் மைக்கில் இருமி மறைத்தேன். மூன்றாவது பாட்டின் சரணத்தில் ஒரு நீண்ட குழலிசை. ஒத்திகையில் அதைக் கேட்டபோது எனக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அது பொங்கி எழுந்து கோபுரம் வரைக்கும் போனது. சனம் கைதட்டிய தட்டில் பாட்டு முடிந்ததே தெரியவில்லை. சௌந்தரபாண்டியன் ஓடிவந்து என் காதில், "சீட்டு அண்ணனுக்குத்தான். சொல்லிருங்க" என்றான்.

சொன்னேன். அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டினார்.

கச்சேரி முடிந்ததும் ஆண்டிச்சாமி பொன்னாடையோடு மேடையேறினார். "ஒத்தை ஆளா உக்காந்து ஒம்பது வாத்தியம் வாசிச்ச ஐயாவுக்கு" என்று மைக்கில் சொன்னார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பேசாமல் வாங்கிக்கொள்ளும் என்று கண்ணாலேயே அதட்டினேன். அதை மறைக்க விரும்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

அவர் மைக்கை இழுத்தார். "ஒத்தை ஆளு இல்லீங்க. கீழ என் வீட்டுக்காரி இருக்கா. பாதி அவ வாசிச்சது. அந்தத் துண்டை அவளுக்குக் கொடுங்க."

ஆண்டிச்சாமி குனிந்து வெல்வெட்டுக்கு அருகே பொன்னாடையை நீட்டினார். ரப்பர் வளையல் போட்ட கை ஒன்று வெளியே வந்து வாங்கிக்கொண்டது. "இது இருக்கட்டும், கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்று மதினியின் குரலும் வந்தது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சௌந்தரபாண்டியன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒத்தையா வாசிக்கிறதுன்னுதானே அண்ணே பேச்சு?" என்றான், எல்லாரும் கலைந்தபிறகு.

"ஆமா. தோத்துட்டேன். விருதுநகர் ஆளை வரச்சொல்லும்" என்றார் அண்ணாச்சி.

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு மதினி பக்கம் திரும்பினான். "அந்த மூணாவது பாட்டு. குழல் பிட்டுல அண்ணன் எப்பவும் சத்தத்தைக் கொறைச்சுருவாரு. இன்னைக்குக் கொறையல, கூடுச்சு. யாரு செஞ்சது?"

மதினி தலையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே, "நாந்தான். அவிய அந்த இடத்துல எப்பவும் பயந்து பயந்து வாசிப்பாவ. நல்லாத்தானே வாசிக்காவ, எதுக்குப் பயப்படணும்னு எனக்கு ஆத்தாமையா இருக்கும். கையில பெடலு கெடச்சுது, கூட்டிட்டேன்" என்றார்.

சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி பக்கம் திரும்பினான். "நாளைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு பெடல் மேல ரெண்டங்குலக் கட்டையை அடிங்க அண்ணே. வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல கல்யாண ரிசப்ஷன்" என்றவன், மதினியிடம் மெதுவாக, "நீங்க ஒத்திகைக்கு வந்து உக்காந்து கேட்டுச் சொல்லணும் அக்கா" என்றான்.

வேனில் ராஜபாளையம் திரும்பினோம். முன் சீட்டில் மதினி பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். பின்னால் என் பக்கத்தில் அண்ணாச்சி வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். ஊர் நெருங்கும்போது என் கையைப் பிடித்தார்.

"மிஷின் சத்தத்துல அவளுக்கு எங்க கேக்கப் போவுதுன்னு நெனச்சேன் வே. நான் பயப்படுற இடம் வரைக்கும் கேட்டிருக்கா."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.