வேன் வரும் என்று சொன்ன பசந்தி

பசந்தி போய்விட்டாள் என்ற செய்தி அவள் கணவனின் குரல் பதிவாக வந்தது. யார் அனுப்பிய பதிவையும் முழுதாகக் கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. எழுத்தாக்கித் தரும்படி போனிடம் சொல்லிவிடுவேன். "பசந்தி இன்று காலை காலமானார்" என்று ஒரே வரி வந்தது. பிறகுதான் கேட்டேன். பதிவில் பாதிக்குமேல் அந்த மனுஷன் அழுதுகொண்டே இருந்தான்.

மாகறல் பக்கத்துச் செங்கல் சூளைகளில் எங்களோடு அலைந்த உங்களுக்கு அவளைத் தெரியும். ஒடிசாவிலிருந்து செங்கல் அறுக்க வந்து, இங்கேயே தங்கி, நம் தமிழை நம்மைவிடக் காரமாகப் பேசியவள். சூளை வாழ்க்கையைச் சூளை ஜனங்களே ஆராய்ந்து எழுத வேண்டும் என்று தொடங்கிய குழுவில் கேள்வி கேட்பது அவள் வேலை. மானாம்பதிக்காரியான நான் கணினியோடு மல்லுக்கட்டுவேன். ஒடியாவில் பதிந்த பேச்சை ஏஐ தமிழாக்கிச் சுருக்கித் தரும். அந்தச் சுருக்கத்தை போன் ஒடியாவில் வாசிக்க, பேசியவர்கள் கேட்டுச் சரி என்று சொன்னால்தான் அறிக்கையில் சேர்ப்போம்.

எல்லாரும் சரி என்றார்கள். எதை வாசித்தாலும் சரி. எனக்கு வேலை சீக்கிரம் முடிந்ததில் சந்தோஷம். பசந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேஸ்திரி சொன்னாலும் தலையாட்டறாங்க, மிசின் சொன்னாலும் தலையாட்டறாங்க. அப்புறம் இன்னாத்துக்கு யக்கா கேக்கறோம்? நடுவுல ஒரு பொய்ய சொருவு. அத வேணாங்கறவந்தான் காது குடுத்துக் கேக்கறான்."

முதல் பொய், சூளையில் தினமும் ஆட்டுக்கறி போடுகிறார்கள் என்பது. அதற்கும் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும், "எனக்கு வரலையே" என்று வருத்தப்பட்டார். பசந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த பொய்யை அவளே சொன்னாள்: பிள்ளைகளை ஏற்றிப்போகக் காலையில் பள்ளிக்கூட வேன் வருகிறது. போன் அதை வாசித்தபோது யாரும் மறுக்கவில்லை. சலித்துப்போய்க் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் காலை போனால், சூளை வாசலில் பிள்ளைகள் நிற்கிறார்கள். குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து, படிய வாரி, தாய்மார்கள் நிறுத்தியிருந்தார்கள். போனில் வந்த அந்தச் சுத்தமான ஒடியா அவர்கள் வீட்டுப் பேச்சு கிடையாது. சர்க்கார்தான் அப்படிப் பேசும். அறிவிப்பு என்றே நம்பிவிட்டார்கள்.

பசந்தி உண்மையைச் சொன்னாள். ஒரு தாய், "அப்புறம் ஏன் சொன்னாய்?" என்று அவர்கள் பேச்சில் கேட்டாள். ஐயோ, அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே வேண்டாம். பசந்தி தலையில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, இரண்டு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் பின்னால் வர, மாகறல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். தலைமையாசிரியை ஆதார் எங்கே, டி.சி. எங்கே என்று கேட்டுவிட்டு, கடைசியில் வகுப்பில் உட்காரவைத்தார்.

அதன்பிறகு தினமும் அதே நடை. எனக்கு எரிச்சல். "ஆராய்ச்சி பண்ண வந்தோமா, புள்ள மேய்க்க வந்தோமா?" என்று கத்தினேன். "சொன்ன வாயி நம்புள்துதானே யக்கா" என்றாள்.

அறிக்கையில், "பெற்றோர் கல்வியில் மிகுந்த ஆர்வம் காட்டுகின்றனர்" என்று ஏஐ எழுதியிருந்தது. அந்த வரியை அடித்துவிடச் சொன்னாள். தாய்மார்களிடம் திரும்பக் கேட்டுவந்து, "தலை வாரி நிக்க வெச்சோம். வேன் வரல" என்று போடவைத்தாள். அதிகாரிகள் படித்தார்கள். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவளை எரித்துவிட்டு வந்த மறுநாள், இனி யாரும் கூட்டிப்போக மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வரத்தான் சூளைக்குப் போனேன். பிள்ளைகள் தலை வாரி நின்றிருந்தார்கள். அன்று கேள்வி கேட்ட அதே தாய், தன் மகளின் கையை எடுத்து என் கையில் வைத்தாள்.

பசந்தி, உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நடைதான். முட்டி வலிக்கிறது, வெயில் கொல்லுகிறது, எனக்கு அலுத்தும்விட்டது. மாட்டேன் என்று சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.