முருங்கைப் பிசினும் முடியாத பிஎச்.டி.யும்

மரத்தில் வழியும் பிசினைச் சுரண்டி, அதிலுள்ள பாலிசாக்கரைடு என்ற சர்க்கரைச் சரட்டைப் பிரித்து, குடலில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்கு அது தீனியாகுமா என்று பார்ப்பதுதான் ஐந்து வருடமாக என் பிழைப்பு. வரும் ஆவணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. அதற்குள் குற்றாலச் சாரல் விழுந்துவிட்டாலோ பிசின் கரைந்து ஓடிவிடும். கைடு என்று ஒருவர் வாய்க்கப்பெற்ற சக பாவிகளுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

சுத்தமோ சுத்தம்

அச்சன்புதூரில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவரின் தோட்டத்தில் பத்து முருங்கை மரங்கள். பட்டையெல்லாம் செக்கச்செவேலென்று பிசின். ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டு, “முருங்கையில ஆராய்ச்சி பண்ணணும், புதன்கிழமை வரலாமா அண்ணாச்சி?” என்று போனில் கேட்டேன். புத்தி கெட்டவள், பிசின் என்ற சொல்லைச் சொல்லவில்லை.

போனால் ஒரு மரத்திலும் ஒரு சொட்டு இல்லை. தேய்த்துக் கழுவி, அடிமரத்துக்குச் சுண்ணாம்பும் அடித்திருந்தார். “காலேஜ்ல இருந்து வாரியன்னு சொன்னியள்லா, மரம் பூரா புண்ணு மாதிரி அசிங்கமா வடிஞ்சு கெடந்துச்சும்மா. ஆள் விட்டுச் சுரண்டி எருக்குழில போட்டாச்சு.”

போர்டு

மறுபடி பிசின் ஊறக் காத்திருந்த நாட்களில், ஐந்தருவிப் பக்கம் பாதாம் பிசின் சர்பத் விற்கும் கடைக்காரரிடம் முருங்கைப் பிசின் கிடைக்குமா என்று கேட்டேன். இல்லை என்றார். பேச்சுவாக்கில், பிசின் குடலுக்கு நல்லதாக இருக்கலாம், இன்னும் நிரூபிக்கவில்லை என்றேன்.

மறுவாரம் கடையில் போர்டு தொங்கியது: ‘குடலுக்கு நல்லது – டாக்டர் மேடம் ஆராய்ச்சி’. நான் இன்னும் டாக்டர் ஆகவில்லையே என்றேன். “சீசன் தொடங்கப்போகுது மேடம். நீங்க டாக்டர் ஆவுதவரைக்கும் நான் போர்டு எழுதாம இருக்க முடியுமா?”

கிருமிக்குச் சோறு

நம்மால் செரிக்க முடியாத இந்தச் சர்க்கரைச் சரடு குடலிலிருக்கும் நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடு என்று ஒருநாள் அம்மாவுக்கு விளக்கினேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. “வயித்துப் பூச்சியக் கொல்லத்தான் மருந்து குடுப்பாவ. நீ அதுக்குச் சோறு போட அஞ்சு வருசமா படிக்கியாக்கும். பெத்தவளுக்கு ஒரு நா ஒல வச்சிருக்கியாட்டி?”

ஒரு சிட்டிகை

மூன்று வாரத்தில் அண்ணாச்சியின் மரங்கள் மனமிரங்கின. கிடைத்த பிசினை ஊறவைத்து, வடிகட்டி, ஆல்கஹால் ஊற்றினால் வெள்ளையாகத் திரண்டு வரும். காயவைத்தால் ஒரு சிட்டிகைப் பொடி. அது மொத்தத்தையும் போட்ட சோதனைக்குழாயில் நல்ல பாக்டீரியா பெருகிக் கலங்கியிருந்தது. போடாத குழாய் தெளிவாகவே இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

ஓடிப்போய்க் கைடிடம் காட்டினேன். ஜன்னலுக்கு வெளியே முதல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு குழாய்களையும் தூக்கிப் பார்த்தார். “ரொம்ப நல்லாயிருக்கும்மா. ஆனா ஒரு தடவ வந்தா யாரும் ஒத்துக்கிட மாட்டாங்க. அதே மரத்துப் பிசின்ல இன்னும் ரெண்டு தடவ செஞ்சு காட்டிரு.”

ஊரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குக் கிளம்பிய அன்று, வெயில் வேண்டிப் பண்பொழிக் கோயிலுக்கு மலையேறியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.