ஸ்டியரிங்குக்கும் சந்தனம்

கலாவதி கார் லைசென்ஸ் வாங்கிய அன்று டெக்சாஸில் கேட்டி என்கிற ஊரிலிருந்து ஹூஸ்டன் வரை ஃப்ரீவே முழுக்கச் சந்தனம் மணந்தது. சரி, கொஞ்சம் ஊதித்தான் சொல்லிவிட்டேன். காருக்குள் மணந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். வீட்டுக்காரர் மயில்சாமி எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர், விடியுமுன்னே கிளம்பிவிடுவார். கலாவதிக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் வராவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். அவளுக்கோ ஸ்டியரிங்கைப் பிடித்ததுமே வயிறு சுருட்டிப் பிடிக்கும். எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. கடைசியில் ஹூஸ்டனில் பெல்லேர் பக்கம் ஒரு சீன வைத்தியரம்மாவிடம் போனார்கள்.

அந்த அம்மா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு கையிலும் நாடி பிடித்தார். வயிற்றில் குளிர் கட்டியிருக்கிறது, காற்று நகரவில்லை என்றார். நல்லெண்ணெயில் சந்தனத் தைலம் கலந்து ஒரு சின்னச் சீசாவில் கொடுத்து, தொப்புளுக்கு மேலே தேய்க்கச் சொன்னார். சந்தனம் உடம்புக்குச் சூடாம்.

கலாவதி வெளியே வந்துதான் சிரித்தாள். "ஏனுங்க, சத்தியமங்கலத்துக்காரிகிட்டயே சந்தனம் சூடுங்கறாங்களே! இதையப் போயி குளுந்த வயித்துல தேச்சா வெளங்குமா?"

"சொன்னதச் செய்யி அம்மிணி."

செய்யவில்லை. வியாழக்கிழமை டெஸ்ட். மயில்சாமி லைசென்ஸ் ஆபீசுக்குள் வரிசையில் நிற்க, வெளியே கலாவதி கையால் காருக்குப் பூஜை நடந்தது. டயருக்கடியில் எலுமிச்சம்பழம், ஸ்டியரிங் முழுக்கச் சந்தனத் தைலம், மேலே குங்குமம். முதல் திருப்பத்திலேயே ஸ்டியரிங் கையில் வழுக்கி, கார் நடைபாதைமேல் ஏறி நின்றது. டெஸ்ட் எடுத்தவர் தும்மிக்கொண்டே, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் வயிற்றுப் பிடிப்பு விடவில்லை. வேலை போய்விடும் பயத்தில், சீசாவில் மிச்சமிருந்ததை வைத்தியரம்மா சொன்ன இடத்திலேயே தேய்த்துப் பார்த்தாள். கதகதவென்று சூடு பரவியது. கொஞ்ச நேரத்தில் சமையலறையே அதிரும்படி ஒரு ஏப்பம்!

வெள்ளிக்கிழமை கார் கோணலாகத்தான் பார்க்கிங்கில் நின்றது. ஆனாலும் தேறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த பக்கத்து வீட்டு ஷ்யாமளாவிடம், "எல்லாம் சந்தனம் பண்ணுன வேலைங்க்கா. அது சூடுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள் கலாவதி.

மயில்சாமி ரசத்துக்குக் கிண்ணத்தை நீட்டினார். "சந்தனம் இல்லீங்க. வியாழக்கெழம சாயங்காலமே நானு அந்த ஸ்டியரிங்கச் சோப்புத்தண்ணி போட்டுக் கழுவி வச்சனுங்க."