எல்ராய்க்கு வந்த இலவச பீர்

என் தம்பி எல்ராய் குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. கூரை போடும் வேலை அவனுக்கு. அமெரிக்காவில், அதுவும் எங்கள் விஸ்கான்சினில் குடிக்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கல்யாணம், கருமாதி, கால்பந்து எல்லாவற்றுக்கும் இங்கே பீர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அந்த ஆறு வருஷத்தில் அவன் பெண்டாட்டி நோரீனுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்குப் பொரித்த மீன் வேண்டும். ஒழுங்காகப் பொரிப்பது ஏரிக்கரை பாரில் மட்டும்தான். எப்போதும் நோரீன் போய் வாங்கி வருவாள். போன மார்ச்சில் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன். "மீன்தானே, நான் போறேன்" என்று எல்ராய் கிளம்பினான். வாசல்காரன் வயதைப் பார்க்க அவனுடைய டிரைவிங் லைசென்ஸை வாங்கி ஒரு கருவியில் தேய்த்துவிட்டு உள்ளே விட்டான். இவன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நேரே வீடு வந்து சேர்ந்தான். நோரீன் எனக்கு போன் போட்டு அதைப் பெருமையாகச் சொன்னாள்.

செப்டம்பரில் அந்த பாரிலிருந்து வாழ்த்து அட்டை வந்தது. 'இனிய பிறந்தநாள், எல்ராய்! உனக்கான இலவச பீர் காத்திருக்கிறது.' பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் லைசென்ஸிலிருந்து உருவியவை. வயதைப் பார்க்கத்தானே கொடுத்தான்? மற்றதை யாரைக் கேட்டு எடுத்தார்கள்? நோரீன் கிழித்துப் போட்டாள். அப்புறம் கால்பந்துக்கு ஓர் அட்டை, மான் வேட்டை சீசனுக்கு ஓர் அட்டை. எல்லாவற்றிலும் நுரை வழியும் குவளைப் படம்.

"போய்ப் பேரை எடுக்கச் சொல்லிடறேன். நீயும் வாக்கா, தனியா போகமாட்டேன்" என்றான் எல்ராய்.

வாசலில் அதே ஆள். "லைசென்ஸ் குடுங்க சார்."

"குடிக்க வரலப்பா. உங்க கம்ப்யூட்டர்லேருந்து இவன் பேரை எடுக்கணும்" என்றேன்.

"அதுக்கு உள்ள மேனேஜரப் பாக்கணும் மேடம். உள்ள போகணும்னா ஸ்கேன் பண்ணணும்."

"இவன் தலையப் பாரு. குடிக்கற வயசு, இருபத்தொண்ணு, ஆகலன்னு சந்தேகமா உனக்கு?"

"எங்கப்பா வந்தாலும் இதே கதிதான் மேடம்."

எல்ராய் லைசென்ஸை எடுத்து நீட்டினான். வாக்குவாதம் செய்ய அவனுக்குத் தெம்பில்லை.

மேனேஜர் தங்கமாகத்தான் பேசினாள். "எல்லாம் தலைமை ஆபீஸ்ல இருக்கு. லைசென்ஸ ரெண்டு பக்கமும் நகல் எடுத்து அனுப்புங்க. நீங்கதானான்னு பாத்துட்டு எடுத்துடுவாங்க."

"இருக்கறது போதாதுன்னு இன்னொண்ணு வேறயா?" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே, பீர் ஊற்றுகிற பெண் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு எல்ராய் முன்னால் ஒரு குவளையை வைத்தாள்.

"பிறந்தநாள் பீர் இன்னும் வாங்கிக்கவே இல்லையே எல்ராய்! குடிங்க."

பாவம், அன்பாகத்தான் சொன்னாள். எல்ராய் அந்த நுரையையே பார்த்தான். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "போலாம்க்கா" என்றான்.

காரில் ஏறியும் சாவியைப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டான். "நானா தேடிப் போயிருந்தா என்னையே திட்டிக்கலாம். இது பேரைச் சொல்லிக் கூப்பிடுதுக்கா. குடிச்சிருப்பேன். நீ பக்கத்துல இல்லன்னா குடிச்சிருப்பேன்."

வீட்டில் நோரீன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "எடுத்துட்டாங்களா?"

"இல்ல." கோட்டைக் கழற்றி மாட்டினான். "நோரீன், இனிமே நான் வேலையிலேருந்து வர்றதுக்குள்ள தபால நீ எடுத்துடு. என் பேருக்கு வந்தாலும் நீயே பிரி. வேணுங்கறத மட்டும் எங்கிட்ட குடு."

ஐம்பத்தெட்டு வயது மனுஷன், தன் பேருக்கு வரும் தபாலைத் தன் கையில் கொடுக்காதே என்று கேட்கிறான். நோரீன் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள்.

அவர்கள் தபால் பெட்டி தெருமுனையில் இருக்கிறது. மறுநாள் அந்தப் பக்கமாகக் காரில் போனேன். பனியில், சரியாகாத அந்த முழங்காலோடு, தடியை ஊன்றி ஊன்றி நோரீன் பெட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.